அழுக்குத் தண்ணியை வெளியே எடுத்தால்தான் கரகரப்பு போகும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அத்தை பரணில் இருந்து இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கச் சொன்னார். "மாமா போனதுல இருந்து இதை யாரும் தொடலப்பா. நீதான் ரெக்கார்டு போட்டுக் கேக்குற ஆளாச்சே, எடுத்துக்கிட்டுப் போ. எடைக்குப் போட எனக்கு மனசு வரல" என்றார். திறந்து எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 64 தட்டுகள். சின்ன அளவு இபி 31, நீண்ட நேரம் ஓடுகிற பெரிய எல்பி 19, மிச்சம் 14 பழைய அரக்குத் தட்டு. பாதிக்கு உறையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு, நடுநடுவே பழைய செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார்கள்.

மாமா மயிலாடுதுறைப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் முதல் நாள் சாயங்காலமே போய்த் தென்னை மரத்தில் புனலைக் கட்டிவிட்டு, பந்தல் ஓரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு பிளேயரோடு உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதில் கோடை விடுமுறையில் நானும் கூடவே போவேன். ஒரு ரெக்கார்டு முடிவதற்குள் அடுத்ததை உறையில் இருந்து உருவி, வாயால் ஒரு ஊது ஊதி, தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுப் போடுவார். அவர் கை போகிற வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு லேபிளிலும் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு வைத்து அவருடைய சவுண்டு சர்வீஸ் பெயர் இருக்கும். இப்போதும் இருக்கிறது.

ரெக்கார்டு சேர்க்கிற நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மைக் செட் ரெக்கார்டு என்றால் தேறாது, விட்டுவிடு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பந்தல் தூசி, பந்திக்குச் சமைக்கிற புகை, வாய் ஈரம், கை எண்ணெய், பூசணம் என்று அந்தத் தட்டுகள் பார்க்காதது இல்லை. அதோடு ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுகிற பாகத்துக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர், அந்தக் கால பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜின் ஊசி 5 கிராம், 6 கிராம் என்று அழுத்தும். இன்றைக்கு என் டர்ன்டேபிளில் 2 கிராம்கூடத் தாண்டுவதில்லை. ஆனாலும் எனக்கு அவற்றை விட மனசில்லை. பத்து மாதமாக, சனி ஞாயிறுகளில் கழுவிக்கொண்டிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் இதை யாராவது விலாவாரியாக எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் போட்டது எஸ். பாலசந்தரின் வீணை எல்பி ஒன்று. மாமா இதைக் கல்யாணத்தில் போட்டிருக்க மாட்டார், தனக்கென்று வாங்கியிருப்பார் போல, கீறல் அதிகம் இல்லை. ஆனால் ஊசியை வைத்ததும் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம், விடாமல், பாட்டு முழுக்க. சினிமாப் பாட்டு என்றால் தாளமும் கோரஸும் அதை ஓரளவு மூடிவிடும். வீணையில் ஒளிய இடமே இல்லை. மீட்டிய ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்குகிற அந்த வால்தான் வீணையின் உயிர், அந்த வாலைத்தான் கடுகு தின்றுவிட்டிருந்தது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நல்ல மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பதமாகத் துடைத்தேன். தட்டு பளபளவென்று வந்தது. காய்ந்ததும் போட்டுக் கேட்டால் முன்னைவிட மோசம்! கடுகோடு இப்போது ஒரு இரைச்சலும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கு ரொம்பவே சோர்ந்துவிட்டேன், பெட்டியை மூடி இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தேன். எல்பியின் வரிப்பள்ளம் ஒன்று ஏறத்தாழ 50 மைக்ரான் அகலம்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), தலைமுடியைவிட ஒல்லி. துணியின் நூல் அதற்குள் இறங்கவே இறங்காது. மேடுகளின் உச்சியை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடும், அதனால்தான் கண்ணுக்குப் பளபளப்பு. பள்ளத்துக்குள் இருந்த தூசியும் பிசுக்கும் தண்ணீரில் ஊறி இளகி, வெளியே வர வழியில்லாமல், தண்ணீர் ஆவியானதும் அங்கேயே சேறு காய்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. லென்ஸில் அது பள்ளத்தின் அடியில் சாம்பல் நிறப் படிவாக, அங்கங்கே துணியில் இருந்து வந்த பஞ்சு இழையோடு தெரிந்தது. போதாக்குறைக்கு நான் பயன்படுத்தியது எங்கள் வீட்டு போர் தண்ணீர். குழாயில் வெள்ளையாக உப்பு படிகிற அதே தண்ணீர் ரெக்கார்டிலும் உப்பைத்தானே விட்டுவிட்டுப் போகும்.

இந்த ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபட்ட சூட்சுமம். ரெக்கார்டில் இருந்து அழுக்கைக் கிளப்புவது சுலபம். என்ன சோப்பு, என்ன கலவை, எந்த பிராண்டு என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் அந்தச் சுலபமான பாதிக்குத்தான். கிளம்பிய அழுக்கை, தண்ணீர் காய்வதற்கு முன்னால், தண்ணீரோடு சேர்த்து வெளியே எடுப்பதுதான் கஷ்டமான பாதி. அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கலவையை ஊற்றினாலும் பலன் கிடையாது.

ஒரு சின்னத் தூசி ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு எல்பியின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால், அந்த ஒற்றைப் பள்ளத்தை நீட்டி வைத்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு தூரத்தையும் ஊசி பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் உரசிக்கொண்டே கடக்கிறது. மெல்லிய ஒலிகளுக்கு அந்தச் சுவரில் இருக்கும் நெளிவு ஒரு மைக்ரானைவிடக் குறைவு. ஊசி நுனியின் ஆரம் 18 மைக்ரான் அளவு. இதற்கு நடுவே 5 மைக்ரான் தூசி ஒன்று கிடந்தால் அது ஊசிக்குப் பாறை. காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், அதை ஆம்ப்ளிஃபையர் பல நூறு மடங்கு பெருக்கும்போது அந்த முட்டலும் சேர்ந்து பெருகி 'டிக்' என்று காதில் விழுகிறது. ஊசி அழுத்துவது இரண்டு கிராம்தான் என்றாலும் அது தொடுகிற இடம் அத்தனை சின்னது என்பதால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் வரும். தூசியோடு திரும்பத் திரும்பப் போட்டால் ஊசியே அந்தத் தூசியைச் சுவரில் பதித்துவிடும், அப்புறம் எந்தத் தண்ணீராலும் எடுக்க முடியாது. அதனால் பழைய ரெக்கார்டு ஒன்று கைக்கு வந்தால் "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்கிற ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் கழுவுங்கள்.

சரி, நான் இப்போது செய்கிற முறை.

பழுதான பிளேயர் ஒன்றின் தட்டைக் கழற்றி, கையால் சுற்றுகிற மாதிரி ஒரு பலகையில் பொருத்தியிருக்கிறேன். அதில் ரெக்கார்டை வைத்து, லேபிளின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கவிழ்த்து, நடுவில் திருகி இறுக்குகிறேன். எல்பி லேபிள் 10 செ.மீ. விட்டம், மூடி அதைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறேன், தண்ணீர் உள்ளே போகாது. இந்த மூடி இல்லாமல் கழுவிய முதல் இபியில் மாமாவின் ஊதா ஸ்டாம்பு கரைந்து லேபிள் முழுக்க ஓடிவிட்டது. அந்த எழுத்து இனி வராது என்பது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் எதை மறந்தாலும் லேபிளை மூட மறக்காதீர்கள்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர்தான், 5 லிட்டர் கேன் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். மினரல் வாட்டர் வேண்டாம், பெயரிலேயே மினரல் இருக்கிறது. அதோடு ஃபோட்டோ ஃபிலிம் கழுவுகிறவர்கள் கடைசியில் ஒரு திரவம் சேர்ப்பார்கள், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர்வதற்கு. கோடாக்கின் ஃபோட்டோ ஃப்ளோ அந்த வகைதான். அதில் லிட்டருக்கு 5 துளி. வெறும் தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் வாழை இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கும், பள்ளத்துக்குள் இறங்காது. இந்த 5 துளி சேர்ந்ததும் அப்படியே படர்ந்து உள்ளே போய்விடும். பாத்திரம் கழுவுகிற திரவத்தை நிறையப் பேர் சொல்கிறார்கள். அதில் இருக்கும் நிறமும் வாசனையும் தட்டில் தங்கும், அதனால் வேறு வழியே இல்லாத தட்டுக்கு மட்டும்தான் அதைத் தொடுவேன்.

ஆட்டு முடி பிரஷ் ஒன்று ஓவியக் கடையில் வாங்கினேன், பட்டையாக, ரொம்ப மெதுவாக இருக்கும். கலவையை ஒரு 10, 15 மில்லி ஊற்றி, பிரஷை வைத்துக்கொண்டு தட்டைச் சுற்றினால் முடியின் நுனி பள்ளத்தின் போக்கிலேயே போகும். எப்போதும் பள்ளத்தின் போக்கில்தான், குறுக்கே ஒருபோதும் கூடாது. ஒரு திசையில் நாலு சுற்று, எதிர்த் திசையில் நாலு சுற்று, அப்புறம் ஒரு நிமிடம் ஊறவிட வேண்டும். மாமாவின் தட்டுகளில் இந்த ஒரு நிமிடத்தில் தண்ணீர் மூன்றாம் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதைப் பார்க்கும்போது வருகிற திருப்தியே தனி.

இப்போதுதான் முக்கியமான இடம். இந்த டிகாஷன் காய்வதற்குள் உறிஞ்ச வேண்டும். ஈரத்தையும் உறிஞ்சுகிற வகை வாக்குவம் கிளீனர் வீட்டில் இருந்தது. அதன் குழாய் முனையில் ஒரு அக்ரிலிக் குழாயை மாட்டி, அதில் நீளவாக்கில் 3 மி.மீ. பிளவு போட்டு, பிளவின் இரண்டு பக்கமும் வெல்வெட் துணி ஒட்டியிருக்கிறேன். அதை ரெக்கார்டின் மேல் லேசாக வைத்துத் தட்டை இரண்டு சுற்று சுற்றினால் போதும், எல்லாம் போய்விடும். அதற்கு மேல் சுற்றினால் காய்ந்த வெல்வெட் உரசி நிலை மின்சாரம் ஏறும், அது அறையில் இருக்கும் தூசியை எல்லாம் கூப்பிடும். அப்புறம் எதுவும் கலக்காத டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, வேறொரு பிரஷால் படரவிட்டு, வேறொரு வெல்வெட் முனையால் மறுபடி உறிஞ்ச வேண்டும். இந்த அலசல் இரண்டு தடவை. அலசாமல் விட்டால் அந்தத் திரவத்தின் படிவே ஒரு மெல்லிய இரைச்சலாகக் கேட்கும், ஊசி நுனியிலும் பிசுக்காகச் சேரும்.

இந்த வேலைக்கென்றே மெஷின்கள் விற்கிறார்கள், அதெல்லாம் இதே வேலையைத்தான் அழகாகச் செய்கின்றன. இங்கிலாந்தில் கீத் மாங்க்ஸ் என்பவரின் பெயரில் 1960களின் கடைசியில் வந்த மெஷின்தான் இந்த வகைக்கு முன்னோடி, மெல்லிய நூல் ஒன்று நுனியில் ஓட, பள்ளத்தில் இருந்து திரவத்தை இழை இழையாக உறிஞ்சும். அல்ட்ராசோனிக் வகை வேறு, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை உண்டாக்கி அவை உடைகிற வேகத்தில் அழுக்கைக் கிளப்பும். கிளப்புவதில் அதற்கு நிகர் இல்லை, ஆனால் தொட்டித் தண்ணீரை மாற்றாமல் இருபது ரெக்கார்டு போட்டால் இருபதாவது ரெக்கார்டு முதல் பத்தொன்பதின் அழுக்கில் குளித்துவிட்டுத்தான் வரும். வாக்குவமே இல்லை என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் கலவை, மற்றதில் வெறும் டிஸ்டில்டு வாட்டர். முதலாவதில் கழுவி, இரண்டாவதில் நன்றாக முக்கி அலசி, பஞ்சு விடாத மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாக ஒற்றி எடுங்கள். ஐந்தாறு தட்டுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் கலவையில் அதைச் சேர்க்கிறார்கள், கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் எல்பி, இபி செய்கிற வினைல் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆவதில்லை, விரல் எண்ணெயைக் கழற்றுவதில் கெட்டி. ஆனால் வீட்டு வாக்குவத்துக்குள் அதை உறிஞ்ச விடாதீர்கள். உள்ளே மோட்டார் பொறி பறக்கும், ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் தட்டை மட்டும் முதலில் கையால், ஜன்னல் பக்கத்தில், அடுப்பு இல்லாத இடத்தில் துடைத்துக் காயவிட்டுவிட்டு அப்புறம் சாதாரணக் கலவைக்குக் கொண்டுபோவேன்.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு எல்பி வாங்கினேன், கருவிழி மாதிரி மின்னியது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய். கீறல் தெரியாமல் இருக்கவும் புதுசு மாதிரி மின்னவும் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். எண்ணெய் பள்ளத்துக்குள் போய் தூசியைப் பிடித்துக் களிம்பாக்கி வைத்திருந்தது. அந்தத் தட்டுக்குத்தான் பாத்திரத் திரவம் ஒரு துளியும், ஆல்கஹாலும், அப்புறம் ஐந்து அலசலும் தேவைப்பட்டன. பழைய ரெக்கார்டு வாங்கப் போகிறவர்கள் மூக்கையும் பயன்படுத்துங்கள். அளவுக்கு மீறி மின்னுகிற தட்டைவிட, தூசி படிந்து மங்கலாக இருக்கிற தட்டு எவ்வளவோ மேல், தூசியைக் கழுவிவிடலாம்.

அரக்குத் தட்டு முற்றிலும் வேறு ஜாதி. 78 வேகத்தில் சுற்றுகிற, கீழே போட்டால் ஓடு மாதிரி உடைகிற அந்தக் கனத்த தட்டுகளை இந்தியாவில் 1960களிலும் அச்சடித்திருக்கிறார்கள், அதனால் நம் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அதில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, அரக்கை அது கரைத்துவிடும். மர வேலை செய்கிற ஆசாரிகள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள், அதே விஷயம்தான். அரக்குத் தட்டுக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டரும் அந்த ஓரிரு துளியும் போதும், ஊறவிடாமல், சட்டென்று கழுவி, உடனே உறிஞ்சிவிட வேண்டும். விரிசல் இருந்தால் ஈரம் உள்ளே இறங்கிவிடும்.

அரக்குத் தட்டில் எவ்வளவு கழுவினாலும் ஒரு 'ஸ்ஸ்ஸ்' மிச்சம் இருக்கும், அது அழுக்கு இல்லை. அரக்கோடு கல் மாவு போன்ற நிரப்பிகளைக் கலந்துதான் அந்தத் தட்டைச் செய்தார்கள், அந்தக் காலத்து இரும்பு ஊசி பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குத் தேய்ந்துகொள்ளவும் அது உதவியது. அந்தச் சொரசொரப்பைத்தான் நாம் கேட்கிறோம். இங்கே கழுவுவதைவிட ஊசியை மாற்றுவதுதான் பெரிய வித்தியாசம் தரும். எல்பி ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது அகலமான பள்ளத்தின் அடியில் போய் விழுந்து, சுவரைத் தொடாமல் குப்பையில் புரண்டுகொண்டு போகும். 78க்கு என்றே 3 மில், அதாவது 75 மைக்ரான் அளவில் ஆரம் உள்ள ஊசி கிடைக்கிறது. அதைப் போட்டதும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டு ஒன்று எனக்கு வேறு தட்டாகவே கேட்டது. முன்பு ஏதோ மழைக்கு நடுவில் வாசிக்கிற மாதிரி இருந்தது, இப்போது மழை வெளியே பெய்கிறது, அவர் அறைக்குள் வாசிக்கிறார்.

காசே செலவில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். அரக்குத் தட்டுகளும் பழைய எல்பி, இபிகளில் பெரும்பாலானவையும் மோனோதான், அதாவது ஒரே சேனல் ஒலி, பாட்டு முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழும் குதிக்கிற அசைவையும் சேர்த்து எடுக்கிறது, மோனோ தட்டில் அந்தக் குதிப்பு எல்லாம் தூசியும் தேய்மானமும் மட்டுமே. இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த மேல்கீழ் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். முதல் தடவை அந்தப் பட்டனை அழுத்தியபோது நான் எழுந்து போய் வால்யூம் குறைந்துவிட்டதா என்று பார்த்தேன்.

போகாத சத்தங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரே தட்டைப் பத்துத் தடவை கழுவிக்கொண்டிருப்போம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். எல்பியில் 1.8 நொடிக்கு ஒருமுறை, 45 இபியில் ஏறத்தாழ 1.3 நொடிக்கு ஒருமுறை 'டொக்' என்று தவறாமல் வந்தால் அது கீறல், தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் அது. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி என்று சொல்கிறோமே, அந்தக் கீறலை எந்தத் தண்ணீரும் ஆற்றாது. ஒழுங்கே இல்லாமல் பொரிந்தால் தூசி, அது போகும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மட்டும், குறிப்பாக 'ஸ', 'ச' வருகிற இடத்தில், குரல் கிழிகிற மாதிரி இருந்தால் அது கனத்த ஊசி பள்ளத்தைச் சிதைத்த தேய்மானம். அதுவும் போகாது. மாமாவின் இபிகளில் கல்யாணத்துக்குக் கட்டாயம் போட்ட பாட்டுகளின் பக்கம் எல்லாம் இப்படித்தான் இருக்கிறது, திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதுசு மாதிரி பாடுகிறது.

மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கத் தடவி, காய்ந்ததும் தோல் மாதிரி உரித்தெடுக்கிற முறையையும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். அழுக்கை அது பள்ளத்தோடு சேர்த்து வார்த்து எடுத்துக்கொண்டு வருகிறது, உண்மையிலேயே சுத்தமாகிறது. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் மெல்லிதாகத் தடவிய இடத்தில் உரியாமல் துண்டு துண்டாகப் பள்ளத்தில் தங்கிவிட்டது, அதை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. இனி என் தட்டு எதிலும் அதைச் செய்ய மாட்டேன். அரக்குத் தட்டில் யாருமே செய்யக்கூடாது.

காயவைக்கும்போது வெயிலில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் போதும், தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டில் நிற்க வைத்து அரை மணி நேரம் அறையில் விட்டாலே காய்ந்துவிடும். கழுவிய தட்டைப் பழைய தாள் உறையிலேயே திரும்பப் போடுவது, குளித்துவிட்டு அழுக்குத் துணியைக் கட்டிக்கொள்வது போலத்தான். அந்த உறைக்குள் தூசியும் இருக்கும், பூசணமும் இருக்கும். நிலை மின்சாரம் ஏறாத பாலித்தீன் உள்ளுறை வாங்கிக்கொள்ளுங்கள், ஓர் உறை பல வருடம் வரும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றில் ஈரம் இருப்பதால் நிலை மின்சாரத் தொல்லை குறைவு, ஏசி அறையில் கேட்கிறவர்களுக்குத்தான் அது. எங்களுக்குப் பூசணம்தான் எதிரி. மாமாவின் தட்டுகளில் இருந்த வெள்ளைப் பூக்களை எடுத்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

ஊசியையும் துடைக்க வேண்டும், பின்னாலிருந்து முன்னால், மெல்லிய பிரஷால், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும். சுத்தமான தட்டில் அழுக்கு ஊசி ஓடினால் இத்தனை வேலையும் வீண்.

கம்ப்யூட்டரில் ஏற்றி மென்பொருளால் சத்தத்தை எடுத்துவிடலாமே என்று கேட்கிறவர்களுக்கு: செய்யலாம், கழுவிய பிறகு மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு 'டொக்'குக்கு நானும் செய்கிறேன். கழுவாமல் அதை மட்டும் நம்பினால், மென்பொருளுக்குத் தூசியின் 'டிக்'கும் மிருதங்கச் சாப்பும் ஒன்றுதான். அழுத்தமாகப் போட்டால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் கூர்மை எல்லாம் மழுங்கி, பஞ்சு மெத்தையில் தட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அந்த வீணை எல்பியை மூன்று தடவை கழுவினேன். என் முதல் துடைப்பில் காய்ந்து ஒட்டிய சேறு இளக அத்தனை தடவை தேவைப்பட்டது. மூன்றாவது அலசலுக்குப் பிறகு போட்டபோது, மீட்டிய ஸ்வரம் முழுசாகத் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் கேட்டது. அது மட்டும் இல்லை, இழுத்த தந்தியை விரல் விடுகிறபோது வீணைத் தண்டில் இருக்கும் மெட்டுக்கட்டையின் மேல் நகம் லேசாக உரசுகிற சத்தம் கேட்டது. அது இத்தனை வருடமாக அந்தத் தட்டில் இருந்திருக்கிறது.

64இல் 41 முடிந்துவிட்டது. போன வாரம் மாமா எல்லாக் கல்யாணத்திலும் முதலில் போடுகிற அந்த இபியைக் கழுவினேன். கடுகு முழுக்கப் போய்விட்டது. முதல் சரணம் முடிகிற இடத்தில் ஒரு கீறல் இருக்கிறது, அதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். சரணம் முடிகிற நேரத்தில் அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது: "இப்ப 'டொக்' 'டொக்'னு வரும் பாரு, ஆறு தடவை. அந்த இடம் வந்தா மாமா ஊசி குதிக்காம இருக்கக் கையைப் பக்கத்துலயே வச்சிருப்பாரு." எண்ணினேன். ஆறுதான்.